அமெரிக்காவில் டீசல் கார் ஏன் கண்ணில் படுவதில்லை?

கேள்வி இது. ஜெர்மனியில் சில வருடங்கள் வேலை பார்த்து டீசல் காரிலேயே ஓடிப் பழகிய ஒருவர், இப்போது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்கு மாறி வந்திருக்கிறார். ஜெர்மனியில் அலுவலக வண்டி நிறுத்தத்தில் பாதிக்குப் பாதி டீசல். இங்கே ஷோரூமில் டீசல் கார் என்ற பேச்சே இல்லை. பங்கில் பார்த்தால் பெட்ரோலைவிட டீசல்தான் விலை அதிகம். பக்கத்து வீட்டுப் பெரிய வண்டியில் மஞ்சள் நிற டாங்க் மூடி, அதில் 'இ85' என்று எழுதியிருக்கிறது. "அமெரிக்கர்களுக்கு டீசலின் அருமை தெரியாதா? பழைய டீசல் கார் ஒன்று வாங்கினால் லாபமா?" என்று கேட்கிறார்.

பழைய கார் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரே என்ஜின், ஒரே எரிபொருள். அதை ஒரு கண்டத்தில் அரசாங்கமே சலுகை கொடுத்து வளர்த்தது, இன்னொரு கண்டத்தில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இதில் யார் கணக்கு சரி? உண்மையில் அவர் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் வேலை என்ஜின் காலிப்ரேஷன். எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு எரிபொருளை எப்போது பீய்ச்ச வேண்டும், புகையில் எவ்வளவைத் திருப்பி உள்ளே விட வேண்டும் என்பதையெல்லாம் என்ஜின் கம்ப்யூட்டருக்கு எண்களாக எழுதிக் கொடுப்பது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பக்கமும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் இதைச் செய்திருக்கிறேன். ஆகவே என்ஜின், புகை பற்றி நான் சொல்வது கையால் செய்து அறிந்தது. வரி, சந்தை பற்றிச் சொல்வது படித்தும் கவனித்தும் தெரிந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்காமல் படியுங்கள்.

அமெரிக்கர்களுக்கு டீசல் பிடிக்காது என்பது சரியான விளக்கமே இல்லை. அமெரிக்கச் சட்டம் நகரத்துக் காற்றுக்காகக் கவலைப்பட்டது. ஐரோப்பியச் சட்டம் முதலில் எண்ணெய் இறக்குமதிக்காகவும் பிறகு கார்பன் டை ஆக்சைடுக்காகவும் கவலைப்பட்டது. எதற்குக் கவலைப்பட்டார்களோ அதற்கேற்ற கார்தான் இரண்டு இடத்திலும் தெருவுக்கு வந்தது.

வரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பங்கில் உங்கள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஜெர்மனியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எரிசக்தி வரி 65.45 சென்ட், டீசலுக்கு 47.04 சென்ட். அதன் மேல் 19% மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 22 சென்ட் வித்தியாசம். பதிலுக்கு வருடாந்தர வாகன வரியில் டீசல்காரரிடம் கூடுதலாக வாங்குவார்கள்: 100 சிசிக்குப் பெட்ரோல் காருக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50 யூரோ. இரண்டு லிட்டர் என்ஜின் என்றால் வருடத்துக்கு 150 யூரோ அதிகம். வருடம் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டர் வரியில் மிச்சமாவதே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். உங்கள் அலுவலக நண்பர்கள் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் தினமும் நூறு கிலோமீட்டர் போய் வந்திருப்பார்கள். அவர்கள் டீசல் வாங்கியது வெறும் கூட்டல் கழித்தல்.

ஒஹையோவில் கணக்கு தலைகீழ். மத்திய அரசின் வரி கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் 18.4 சென்ட், டீசல் 24.4 சென்ட். 1993-லிருந்து இது மாறவே இல்லை. மாநில வரி 2019-லிருந்து பெட்ரோலுக்கு 38.5, டீசலுக்கு 47 சென்ட். கூட்டினால் டீசலுக்குக் கேலனுக்கு 14.5 சென்ட் அதிகம். டீசலை எரிப்பது பெரும்பாலும் லாரி, சாலையைத் தேய்ப்பதும் லாரி, ஆகவே லாரிக்காரரிடம் கூடுதலாக வாங்கு என்பது இங்குள்ள தர்க்கம். ஐரோப்பாவிலும் டீசல் வரியைக் குறைவாக வைத்ததற்கு ஒரு காரணம் லாரிதான். அங்கே சரக்குப் போக்குவரத்துக்குச் சலுகை கொடுத்தார்கள், அந்தச் சலுகையில் கார்களும் நுழைந்துகொண்டன.

சுத்திகரிப்பு ஆலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல் மட்டும், அல்லது டீசல் மட்டும் எடுக்க முடியாது. இரண்டும் வரும், விகிதத்தை ஓரளவு நகர்த்தலாம். அமெரிக்க ஆலைகள் கனமான எண்ணெயை உடைத்து முடிந்தவரை பெட்ரோலாக்கும்படி கட்டப்பட்டவை. ஐரோப்பா முழுக்க டீசலுக்கு மாறியபோது அங்கே பெட்ரோல் மிஞ்சியது, அதை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டீசல் போதவில்லை, அதை ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வாங்கினார்கள். 2023 பிப்ரவரியில் ரஷ்ய டீசலுக்குத் தடை போட்ட பிறகு அமெரிக்க டீசலின் மேல் ஐரோப்பாவின் சார்பு இன்னும் கூடியது. இறக்குமதிச் செலவைக் குறைக்க டீசல் என்று தொடங்கிய கதை டீசல் இறக்குமதியிலேயே வந்து நின்றது எனக்கு எப்போதும் வருத்தமான விஷயம்.

ஆனால் வரியை மட்டும் காட்டி இந்தப் பதிலை முடித்துவிட்டால் அது பாதிப் பதில். கேலனுக்கு 14.5 சென்ட் என்பது ஒருவர் கார் வாங்கும் முடிவையே மாற்றும் தொகை இல்லை. உண்மையான தடை புகைக்குழாயில் இருக்கிறது.

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் கச்சிதமான விகிதத்தில் கலக்கப்படுகின்றன. எரிந்து முடித்த புகையில் ஆக்சிஜன் மிச்சமே இருக்காது. அதனால் மூவழி வினையூக்கி என்ற ஒரே பெட்டி கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்துவிடும். டீசல் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றோடு எரிகிறது. அதன் சிக்கனத்துக்கு அதுவும் ஒரு காரணம்: மூச்சை அடைக்கும் த்ராட்டில் வால்வு தேவையில்லை, அழுத்த விகிதமும் அதிகம். ஆனால் புகையில் ஆக்சிஜன் நிறைய மிஞ்சுவதால் மூவழி வினையூக்கியால் நைட்ரஜன் ஆக்சைடைத் தொடவே முடியாது. சிலிண்டருக்குள்ளேயே அதைக் குறைக்கப் பார்த்தால், அதாவது எரிதலைக் குளிர்வித்தால், கரி கூடும். கரியைக் குறைக்கச் சூடாக எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஒரு மூலையை அமுக்கினால் இன்னொரு மூலை எழும்பும் பழைய பாய் மாதிரி. எரிபொருளைச் சேமிக்கும் எண்களை எழுதினாலே பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். காலிப்ரேஷன் மேசையில் நாங்கள் நாள் முழுக்கப் போராடியது இந்த முக்கோணத்தோடுதான்.

இந்த நைட்ரஜன் ஆக்சைடுதான் லாஸ் ஏஞ்சலிஸின் பழைய எதிரி. 1950-களில் அங்கே கண்ணைக் கரிக்கும் பழுப்பு மூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் இருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், கார்ப் புகையில் உள்ள ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். பின்னால் கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. மலைகள் சூழ்ந்த, வெயில் கொட்டும், கார் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்கின் அனுபவம்தான் அமெரிக்கப் புகைச் சட்டத்தின் விதை. கலிபோர்னியா தனக்கென்று கடுமையான வரம்பு வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றவும் முடியும். ஆகவே கலிபோர்னியாவில் விற்க முடியாத காரைக் கொண்டுவர எந்த நிறுவனமும் தயங்கும்.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004-லிருந்து படிப்படியாக வந்த அமெரிக்க விதிப்படி, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி நைட்ரஜன் ஆக்சைடு மைலுக்கு 0.07 கிராம். கிலோமீட்டருக்கு மாற்றினால் சுமார் 43 மில்லிகிராம். இதில் பெட்ரோலா டீசலா என்ற பேதமே கிடையாது. அதே காலத்தில், 2005-ல், ஐரோப்பாவின் யூரோ 4 என்ற புகை விதி பெட்ரோல் காருக்கு 80 மில்லிகிராமும் டீசலுக்கு 250 மில்லிகிராமும் அனுமதித்தது. 2009-ல் யூரோ 5 வந்தபோது டீசலுக்கு 180. 2014-ன் யூரோ 6-ல்தான் 80. அதாவது நீங்கள் ஜெர்மனியில் ஓட்டியது 2010 வாக்கிலான கார் என்றால், அது அமெரிக்கச் சராசரியைப்போல நான்கு மடங்கு கக்கினாலும் அங்கே முழுச் சட்டப்படியான கார். அந்த அமெரிக்க வரம்பை 1,20,000 மைல் வரை காப்பாற்றவும் வேண்டியிருந்தது. புதிய காரில் தேறினால் மட்டும் போதவில்லை.

ஐரோப்பா ஏன் டீசலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது? 1998-ல் ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம், 2008-க்குள் புதிய கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடைக் கிலோமீட்டருக்கு 140 கிராமுக்குக் கொண்டுவருகிறோம் என்று ஐரோப்பிய ஆணையத்துக்கு வாக்குக் கொடுத்தது. அந்தச் சமயத்தில்தான் காமன் ரெயில் என்ற உயர் அழுத்தப் பீய்ச்சல் முறை 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்து, டீசலின் கடகட சத்தத்தையும் மந்தத்தையும் போக்கியிருந்தது. கையில் தயாராக இருந்த கருவி டீசல். கம்பெனிக் கார் வரியையும் சாலை வரியையும் பிரிட்டன் கார்பன் டை ஆக்சைடு அடிப்படைக்கு மாற்றியதும் அங்கேயும் டீசல் ஓடிப் பரவியது. 2011-ல் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். பிரான்சில் சில வருடங்கள் பத்தில் ஏழுக்கும் மேல். அமெரிக்காவில் அதே சமயம், பிக்கப் லாரிகளை விட்டுவிட்டால், நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

அமெரிக்காவுக்கு இன்னொரு பழைய காயமும் உண்டு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இங்கேயும் டீசல் அலை ஒன்று எழுந்தது. மெர்சிடிஸ் 300எஸ்டி, டர்போ டீசல் வைத்த முதல் உற்பத்திக் கார், 1978-ல் வந்தது. அது அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்தது. ஃபோக்ஸ்வாகனின் ராபிட் டீசலும் நன்றாக விற்றது. ஆனால் அதிகம் பேர் கையில் போய்ச் சேர்ந்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல், 1978 முதல் 1985 வரை. என்ஜின் பிளாக்கைக் கெட்டியாக்கினார்கள், ஆனால் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் போல்ட் அமைப்பு பெட்ரோல் என்ஜினிலிருந்து வந்தது. டீசல் அழுத்தத்துக்கு அது தாங்கவில்லை. எரிபொருளில் இருந்து நீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. வழக்குகள் குவிந்தன. 1981-ல் நூற்றுக்கு ஆறு வரை வந்த டீசல் கார் விற்பனை, எண்ணெய் விலையும் இறங்கியதும் சரிந்துபோனது. அந்த ஓல்ட்ஸ்மொபைல்தான் அமெரிக்காவில் டீசலைக் கொன்றது என்று நிறையப் பேர் எழுதுவார்கள். எனக்கு அது மிகையாகத் தோன்றுகிறது. ஒரு தலைமுறையின் மனதில் அது தழும்பு போட்டது உண்மை. ஆனால் கார் வாங்குபவர்களின் நினைவு முப்பது வருடம் நீடிக்காது, சட்டம் நீடிக்கும். இது என் அபிப்பிராயம். அளந்து நிரூபிக்கக்கூடிய விஷயம் இல்லை.

இரண்டாவது அலை 2006-ல். அமெரிக்காவில் டீசலில் இருக்கலாம் என்று அனுமதித்த கந்தகம் 500 பங்கிலிருந்து, பத்து லட்சத்துக்கு 15 பங்காக இறங்கியது. கந்தகம் இருந்தால் புதிய வினையூக்கிகள் நஞ்சேறிச் செயலிழந்துவிடும், ஆகவே இது பெரிய கதவுத் திறப்பு. மெர்சிடிஸ் இ320 புளூடெக் வந்தது, ஆனால் தொடக்கத்தில் 45 மாநிலங்களில் மட்டும். கலிபோர்னியாவும் அதன் விதியைப் பின்பற்றிய மாநிலங்களும் விடுபட்டன. அந்த வரம்பைத் தொட யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் அமைப்பு வேண்டும். ஜெர்மனியில் ஆட்புளூ என்பீர்களே, அதுதான், இங்கே டிஇஎஃப். அதற்குத் தனி டாங்க், பம்ப், சூடாக்கி, உணரிகள் எல்லாம் தேவை. விலை உயர்ந்த காரில் அந்தச் செலவு மறைந்துவிடும். சின்னக் காரில் மறையாது. ஹோண்டா தன் டீசல் செடானை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டது. மஸ்டா வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. ஃபோக்ஸ்வாகன் மட்டும் சின்ன ஜெட்டாவில் யூரியாவே இல்லாமல் அந்த வரம்பைத் தொட்டுவிட்டதாகச் சொன்னது.

எப்படி என்பது 2015 செப்டம்பரில் உலகத்துக்கே தெரிந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று, அளக்கும் கருவியைக் காருக்குள் ஏற்றி நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்திருந்தது. ஒரு ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட்டை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். பஸ்ஸாட் வரம்பைப்போல 5 முதல் 20 மடங்கும், ஜெட்டா 15 முதல் 35 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. அதே சோதனையில் ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே ஓடியது. கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம் இது: அமெரிக்க வரம்பு டீசலால் எட்டவே முடியாதது அல்ல, காசு போட்டால் எட்டலாம். ஃபோக்ஸ்வாகன் அந்தக் காசுக்குப் பதில், சோதனைக்கூடத்தில் ஓடுகிறோமா சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து நடத்தையை மாற்றும் மென்பொருளை வைத்திருந்தது. அமெரிக்காவில் சுமார் 4,82,000 இரண்டு லிட்டர் கார்கள், உலகம் முழுக்க 1.1 கோடி. 2016-ன் அமெரிக்கச் சமரசம் 1,470 கோடி டாலர் வரை போனது. அதில் 200 கோடி டாலர் மின்கார் வசதிகளுக்கென்று ஒதுக்கப்பட்டு, எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற சார்ஜிங் வலையமைப்பு அதிலிருந்து பிறந்தது.

என் தொழிலில் இருப்பவன் இதைப் பற்றி நிதானமாக எழுதுவது கஷ்டம். அந்த எண்களை யாரோ எங்களைப் போன்றவர்கள்தான் எழுதினார்கள். கக்கிய நச்சு ஏதோ ஒரு நகரத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சில் போய்ச் சேர்ந்தது. அதற்கு மன்னிப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் ஐரோப்பாவில் நடந்தது ஒரு வகையில் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே நிறைய விஷயம் சட்டத்தின் ஓட்டைக்குள்ளேயே நடந்தது. பழைய ஐரோப்பியச் சோதனைச் சுற்று மெதுவானது, மென்மையானது. நிஜத்தில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. குளிர் என்றால் என்ஜினைப் பாதுகாக்க என்று சொல்லிப் புகை மறுசுழற்சியைக் குறைத்துவிடும் 'வெப்பநிலைச் சாளரம்' பரவலாக இருந்தது. வருடத்தின் பெரும்பகுதி குளிராக இருக்கும் நாடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசியுங்கள். இதை ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ல் கண்டித்தது. காருக்கு அனுமதி கொடுப்பது ஒவ்வொரு நாட்டின் தனி அமைப்பு. நிறுவனம் தனக்கு வசதியான நாட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சாலையில் ஓட்டி அளக்கும் சோதனை 2017-ல்தான் கட்டாயமானது. ஸ்டுட்கார்ட் நெக்கார்டோர் சந்திப்பில் நைட்ரஜன் டை ஆக்சைடு பல வருடங்கள் வரம்பைத் தாண்டியே நின்றது. 2018-ல் லைப்சிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம் நகரங்கள் பழைய டீசலைத் தடுக்கலாம் என்றது. ஹாம்புர்க் இரண்டு தெருக்களில் தடுத்தது, 2019-ல் ஸ்டுட்கார்ட் யூரோ 4-ம் அதற்கு முந்தியதுமான டீசல்களைத் தடுத்தது. அதன் பிறகு விற்பனை சரிந்தது. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய டீசல் கார்களின் பங்கு 13.6%, பேட்டரிக் கார்கள் 14.6%. நீங்கள் அங்கே பார்த்த பாதிக்குப் பாதி என்பது ஏற்கனவே கரைந்துகொண்டிருந்த காட்சி.

இப்போது, யார் கணக்கு சரி? நிச்சயமாகச் சொல்லக்கூடியது: நகரத்துக் காற்று விஷயத்தில் அமெரிக்க விதி சரி, எரிபொருளைப் பார்த்துச் சலுகை கொடுக்கக் கூடாது என்ற கொள்கையும் சரி. சர்ச்சைக்குரியது: ஐரோப்பாவின் டீசல் மோகம் பூமியின் சூட்டைக் குறைத்ததா என்பது. டீசல் கார் லிட்டர் கணக்கில் கால்வாசி குறைவாகக் குடிக்கிறது என்று வையுங்கள். ஆனால் ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 2.69 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலுக்கு 2.35. ஆகவே 25% மிச்சம் என்பது கார்பனில் 14% ஆகச் சுருங்கிவிடும். பிறகு, எரிபொருள் மலிவு என்பதால் மக்கள் பெரிய கார் வாங்கினார்களா, அதிகம் ஓட்டினார்களா, வடிகட்டி இல்லாத பழைய டீசல்களின் கரி எவ்வளவு சூட்டைச் சேர்த்தது என்று கழித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கொஞ்சம் மிஞ்சியது, ஆனால் கொடுத்த விலைக்குப் போதாது என்பது என் எண்ணம். அந்தக் காலத்திலேயே டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-வின் கணக்கில் கேலனுக்கு 50 மைல் கொடுத்தது. டீசல் ஜெட்டாவான டிடிஐ 34. பெட்ரோல் ஹைப்ரிட் நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டாமல் அந்தச் சிக்கனத்தைக் கொடுத்தது.

அமெரிக்கர்களுக்கு டீசல் பிடிக்காது என்பது தவறு என்று முதலிலேயே சொன்னேன். சந்தேகம் இருந்தால் ஒஹையோவில் வீட்டுக்கு வெளியே நிற்கும் பெரிய பிக்கப்களைப் பாருங்கள். 1989-ல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் என்ஜின் வந்ததிலிருந்து, படகும் குதிரைகளை ஏற்றும் ட்ரெய்லரும் இழுப்பவர்கள் அதற்காகப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்த எடைப் பிரிவுக்கு வேறு புகை விதி, இழுவைக்கு டீசல் பொருத்தமானது, விலையும் தாங்கும். அங்கேயும் தூய்மை தானாக வரவில்லை: ராம் பிக்கப் என்ஜின்களில் சோதனையை ஏய்க்கும் கருவிகள் இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

அடுத்து மஞ்சள் மூடி. இ85 என்பது எத்தனால் மிகுதியாகக் கலந்த பெட்ரோல். பருவத்தைப் பொறுத்து 51 முதல் 83% வரை எத்தனால். மஞ்சள் மூடி உள்ள வண்டி இரண்டையும் எந்த விகிதத்திலும் குடிக்கும். இந்த வண்டிகள் இவ்வளவு பெருகியதற்கு மக்களின் எத்தனால் ஆசை காரணமில்லை. 1988-ன் மாற்று எரிபொருள் சட்டப்படி, இ85 குடிக்கக்கூடிய வண்டியைச் செய்தாலே, அது வாழ்நாள் முழுக்க பெட்ரோலையே குடித்தாலும், நிறுவனத்தின் சராசரி மைலேஜ் கணக்கில் தாராளமான புள்ளி கிடைத்தது. பெரிய எஸ்யூவி விற்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். 2014-க்குப் பிறகு அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 2020-ல் நிறுத்தினார்கள்; மஞ்சள் மூடி வண்டிகளும் குறையத் தொடங்கின. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இ85 போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இல்லை என்பார். மைலேஜ் 15 முதல் 27% குறையும். விலை அந்த அளவுக்குக் குறைந்தால்தான் லாபம். அயோவா, மினசோட்டா போன்ற மக்காச்சோள மாநிலங்களில் அது சில சமயம் நடக்கும். எத்தனாலின் கார்பன் லாபம் எவ்வளவு என்பதும், சோளத்துக்காகப் புதிதாக உழும் நிலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஒரு விடையாக வரும்.

எரிவாயுக் கார்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் போ சமவெளியில் மீத்தேன் கார்கள் பல தலைமுறைப் பழக்கம், போலந்தில் எல்பிஜி கார்கள் லட்சக்கணக்கில். இரண்டுக்கும் காரணம் குறைந்த வரியும், பெட்ரோல் காரை எரிவாயுவுக்கு மாற்றும் கிட்டை மூலைக்கு மூலை மாட்டித் தரும் மெக்கானிக்கும். அமெரிக்காவில் இயற்கை எரிவாயு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் கிட் மாட்டுவதென்றால் ஒவ்வொரு என்ஜின் குடும்பத்துக்கும் புகைச் சான்று வாங்க வேண்டும். சிறு பட்டறையால் முடியாத செலவு. ஹோண்டா சிவிக்கின் எரிவாயு வடிவம்தான் பெரிய முயற்சி, அதையும் 2015-ல் நிறுத்திவிட்டார்கள்.

சரி, பழைய டீசல் வாங்கலாமா? தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர், டீசல் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர், காரின் முழுப் பராமரிப்புப் பதிவும் கையில் கிடைப்பவர் என்றால் யோசிக்கலாம். அலுவலகம் பத்து நிமிடத் தூரம் என்றால் வேண்டாம். கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளச் சூடும் நேரமும் வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு காரின் விலையில் கணிசமான பங்கு. சமரசத்துக்குப் பிறகு திருத்தி விற்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன்கள் நிறையச் சுற்றுகின்றன. திருத்தம் செய்யப்பட்டதா, நீட்டித்த உத்தரவாதத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்து மென்பொருளை மாற்றிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது சட்டவிரோதம், அதோடு அந்தக் கரியை உங்கள் தெருவே சுவாசிக்கும்.

இன்னொன்று, எரிபொருளே வேறு. டீசல் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்று காட்டும் சீட்டேன் எண் ஐரோப்பிய டீசலில் குறைந்தது 51, இங்கே 40. வழுக்கும் தன்மைக்கான தரமும் இங்கே தளர்வு. ஐரோப்பிய டீசலை நம்பிச் செய்த உயர் அழுத்த பம்ப்கள் சில இங்கே உள்ளுக்குள் தேய்ந்து, உலோகத் தூளை எரிபொருள் குழாய் முழுக்கப் பரப்பியிருக்கின்றன. கூட்டம் அதிகம் வரும் பங்கில் போடுங்கள். பம்பில் பி20 என்று ஒட்டியிருந்தால் அதில் 20% வரை பயோடீசல். உங்கள் காரின் கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகு போடுங்கள், பல ஐரோப்பியக் கார்களுக்கு 5% தான் எல்லை.

இவையெல்லாம் அதிகத் தலைவலியாகத் தெரிந்தால், உங்கள் நிலையில் நான் ஒரு பெட்ரோல் ஹைப்ரிட்டைத்தான் வாங்குவேன்.

டீசலே வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல் என்று உங்கள் கை பழகியிருக்கும். இங்கே பெரும்பாலான பங்குகளில் பச்சைதான் டீசல்; சில நிறுவனங்களின் பங்குகளில் பெட்ரோலும் பச்சை. நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். டீசல் குழாயின் மூக்கு பொதுவாகப் பெட்ரோல் காரின் வாய்க்குள் நுழையாது, ஆனால் பெட்ரோல் மூக்கு பழைய டீசல் காருக்குள் தாராளமாக நுழையும். தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். காரின் உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெய். பெட்ரோலோடு சுற்றினால் தேய்ந்துவிடும். அப்படியே நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிட்டு டாங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள்.